பத்துப் பேரின் சமாதானம்

எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் வாங்க ஏழு மாதம் ஆனது. கையில் காசு இல்லாமல் இல்லை. கடுகுக்குச் சமாதானம் இல்லை.

கடுகு எங்கள் வீட்டின் கடைசி. அப்போது அவளுக்கு மூன்று வயது. அப்பா மோட்டார் படம் போட்ட தாளை மேஜையில் விரித்தார். எல்லாரும் பார்த்தோம், கண்ணை மூடி ஜெபித்தோம். வழக்கம்போலக் கடைசிப் பிள்ளையிலிருந்து ஆரம்பித்து, "கடுகு, உனக்குச் சமாதானமா?" என்று கேட்டார். "இல்ல," என்றாள். அவ்வளவுதான். ஏழு மாதம் கிணற்றில் கயிறு போட்டு இறைத்தோம். அவரைக்கும் உருளைக்கிழங்குக்கும் குடம் குடமாகச் சுமந்தோம். எட்டாம் மாதம் அவள் ஏனோ "சமாதானம்" என்றாள். ஏன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

சட்டம் அப்பாவுடையது. கல்யாணமான புதிதில் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கழுதையை வாங்கி வந்திருக்கிறார். அதற்கு ஒரு கண் தெரியாது. இன்னொரு கண்ணுக்கு அப்பாவைப் பிடிக்காது. அந்தக் கழுதை செய்த காரியங்களை அம்மா இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. பேச்சு வந்தால் கூரையைப் பார்ப்பாள். கழுதை போன பிறகு அப்பா வேதத்தில் சமாதானத்தைப் பற்றிய ஒரு வசனத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். இனி எல்லாருடைய மனதிலும் சமாதானம் இருந்தால்தான் இந்த வீட்டில் எந்தக் காரியமும் நடக்கும் என்று அறிவித்தார். அப்போது எல்லாரும் என்றால் இரண்டு பேர். பிறகு கர்த்தர் எங்கள் வீட்டை ஆசீர்வதித்துக்கொண்டே போனார், எட்டுப் பிள்ளைகள் வரை. சட்டத்தை யாரும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேஜை துடைத்த ஈரம் காய்வதற்குள் சுற்று தொடங்கும். பேசத் தெரிந்த எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கடைசிப் பிள்ளையிலிருந்து மூத்த பிள்ளை வரை போகும். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சமாதானம் என்றால்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முறை வரும். யாருடைய காரியமோ அவருக்கு எல்லாருக்கும் கடைசியில். ஒருவர் "இல்ல" என்றாலும் காரியம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் அது ஜெபம் இல்லை, வழக்கு என்பார் அப்பா. "சமாதானம்" என்றாலும் அப்படித்தான். சொன்னது சொன்னதுதான், தோண்டிப் பார்க்கக் கூடாது.

நான் மூன்றாவது. எனக்கு மேலே இரண்டு அண்ணன்கள், கீழே ஐந்து பேர். மூத்த பெண் என்பதால் வீட்டில் எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகங்கள் ஏராளம். பதினெட்டு வயது முடிந்த மாதம் நகரத்து மருத்துவமனையின் நர்சிங் பள்ளியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மூன்று வருடப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு. வருகிறேன் என்று முப்பது நாளைக்குள் பதில் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. முப்பது நாளில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. மோட்டாருக்கு எத்தனை ஆயிற்று என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா கடிதத்தை வாசித்தார். அவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். எதை வாசித்தாலும் உதிரிப்பாகப் பட்டியல் வாசிக்கிற மாதிரிதான் வாசிப்பார். பிறகு சுற்று தொடங்கியது.

கடுகு, "இல்ல," என்றாள். அதை நான் எதிர்பார்த்தேன். அவளுக்கு மேலே ஆறு வயதுப் பையன். ஜெபம் பாதியில் இருக்கும்போதே முடித்துவைத்துவிடுவதால் அவனுக்கு ஆமென் என்று பெயர். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல," என்றான். அவனுக்கு மேலே இரட்டையர், பத்து வயதுப் பெண்கள். ஒருத்தி "இல்ல" என்று முடிப்பதற்குள் மற்றவள் ஆரம்பித்துவிட்டாள். அடுத்து பதினாலு வயதுத் தம்பி, எதற்கும் வாதாடுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். "சமாதானம், ஆனா..." என்று தொடங்கினான். ஆனா கிடையாது என்றார் அப்பா. சின்னண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "இல்ல," என்றான். பெரியண்ணன், "சமாதானம்," என்றான். அவன் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வார்த்தைதான் பேசுவான். அதில் ஒன்றை எனக்காகச் செலவழித்தான்.

எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் எல்லாரையும் தூக்கி வளர்த்தவள் நான். சின்னண்ணனைத் தூக்கவில்லை, ஆனால் அவன் சட்டைகளைத் தேய்த்திருக்கிறேன். சமையலறையில் தட்டுகளைக் கழுவிய சத்தம் கோழிக்கூண்டு வரை கேட்டிருக்கும்.

அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தட்டாகத் துடைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"நான் அப்பவே சாப்பிட்டேன்," என்றாள்.

அந்த அப்பவே எப்போது என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனால் பத்துப் பேர் வீட்டில் பானை கழுவுகிறவளுக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. எவ்வளவு சமைத்தோம், எத்தனை தட்டுக்குப் போனது, எத்தனை பேர் இரண்டாம் தடவை நீட்டினார்கள் என்று பார்த்தால், அம்மா சாப்பிட்டிருக்க வழியே இல்லை. இதை நான் பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து பரிமாறுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து அடுப்புக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவேன். எல்லாரும் எழுந்து போன பிறகு அவள் முன்னால் நகர்த்துவேன். இது ஏது என்று அவள் கேட்க மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். அம்மாவின் குரல் இயல்பிலேயே கொஞ்சம் கரகரப்பு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வழவழவென்று சொல்வாள், மேஜைத் துணியை நீவிவிடுகிற மாதிரி. அன்றும் நான் கிண்ணத்தை எடுத்துத் தட்டை நகர்த்தினேன். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் வக்கீல் என்னைத் தேனீப் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டான். யாரும் ஒட்டுக்கேட்க வராத இடம் அது ஒன்றுதான்.

"காரணம் கேக்கக் கூடாதுன்னுதானே சட்டம்," என்றான். "கண்டுபிடிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லயே."

கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. இரட்டையருக்குத் தினமும் காலையில் நான்தான் தலை பின்னுவேன். நான் போனால் அம்மா பின்னுவாள். அம்மா பின்னினால் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். ஆகவே அன்று மாலையே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒருத்திக்கு ஒருத்தி பின்னக் கற்றுக்கொடுத்தேன். முதல் மூன்று நாள் அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று போதகரின் மனைவி விசாரித்து ஆள் அனுப்பினார். நான்காம் நாள் சடை, சடை மாதிரி இருந்தது.

சின்னண்ணனுடைய காரணத்துக்கு நான்கு கால். எங்கள் பெரிய ஆட்டுக்கு மாமியார் என்று பெயர். யார் கை வைத்தாலும் குறை கண்டுபிடித்து உதைக்கும். என்னிடம் மட்டும்தான் பால் கொடுக்கும். நான் போய்விட்டால் அந்த வேலை தன் தலையில் விழும் என்று சின்னண்ணன் போட்ட கணக்கு சரிதான். மாமியார் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் பழைய நீலப் பாவாடையைத்தான் பார்க்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைக் கட்டிக்கொண்டு போ என்றேன். செத்தாலும் மாட்டேன் என்றான். மூன்றாம் நாள் அவன் செத்திருக்கவில்லை, பாவாடை கட்டியிருந்தான். மாமியார் அவனை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, அசையாமல் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வேலியருகே வந்தார். கடிதத்தைக் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எத்தனையோ வீடு பார்த்தவர்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இரட்டையருக்கும் சின்னண்ணனுக்கும் சமாதானம் வந்திருந்தது. சின்னண்ணன் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஆமெனுக்கும் கடுகுக்கும் வரவில்லை.

ஆமெனுடைய காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியும்போது அவன் படுக்கை விரிப்பு நனைந்திருக்கும். அண்ணன்கள் எழுந்திருப்பதற்குள் நான் அதை உருவிக் கொண்டுபோய்க் கிணற்றடியில் அலசி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் காயப் போட்டுவிடுவேன். இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். இன்னும் ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல் என்றேன். இரண்டு நாள் யோசித்து மாமியார் என்றான். மாமியாரால் விரிப்பு அலச முடியாது என்று எடுத்துச் சொன்னேன். இன்னும் ஒரு நாள் யோசித்து, அதற்கு அடுத்தபடி பேசாதவன் என்று பெரியண்ணனைத் தேர்ந்தெடுத்தான்.

பெரியண்ணன் முள்வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டான். பிறகு ஆமெனைப் பார்த்தான்.

"நான் ஒம்பது வயசு வரைக்கும்," என்றான்.

ஆமென் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று வருடம் கையிருப்பு இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்ன சமாதானம் வாசல் வரை கேட்டது.

மிச்சம் கடுகு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொன்னவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவராகத்தான் இருக்க வேண்டும். அவள் யார் வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். தண்ணீர் சுடும் என்றால் விரலை விட்டுப் பார்ப்பாள். கோழி இன்றைக்கு முட்டையிடவில்லை என்றால் கோழியைத் தூக்கிப் பார்ப்பாள். போதகர் வீட்டுக்கு வந்து, நான் உனக்காக ஜெபிக்கிறேன் பாப்பா என்றபோது, எப்போது ஜெபித்தீர்கள் என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையும் அவள் இல்லை என்று சொன்னதும் நான் எழுந்து தோட்டத்துக்குப் போய், களையோடு சேர்த்து நல்ல செடியையும் பிடுங்கினேன். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அது போனால் மறுநாள் திங்கட்கிழமைக் காலைத் தபாலில் என் கடிதம் போகாது. நான் ஆயுசுக்கும் ஆட்டுப்பால் கறந்துகொண்டு, ஒரு நான்கு வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்த வாரம் முழுதும் அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அது பாவம் என்று தெரியும். தெரிந்தும் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளே வந்து ஆரம்பித்தாள். பெண்பிள்ளைகள் நான்கு பேரும் இரண்டு கட்டிலில் படுப்போம். ஜன்னலோரம் என்னுடையது. அங்கே இனி யார் படுப்பார்கள் என்று கேட்டாள். நீ படு என்றேன். இரட்டையர் விட மாட்டார்களே என்றாள். இரட்டையரைக் கூப்பிட்டு, வக்கீலைச் சாட்சியாக வைத்து, ஜன்னலோரம் கடுகுக்கு என்று சொல்ல வைத்தேன். அப்படியும் அவள் ஏறிப் படுத்து, ஜன்னல் திறக்கிறதா, நிலா தெரியுமா என்று சரிபார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். பகல் என்பதால் நிலா தெரியவில்லை. அதை என் பொறுப்பில் விட்டாள்.

நான்காம் ஞாயிற்றுக்கிழமை மேஜையின் ஈரம் சரியாகக் காயக்கூட இல்லை.

கடுகு, சமாதானம். ஆமென், சமாதானம். இரட்டையர், சமாதானம், சமாதானம். வக்கீல், சின்னண்ணன், பெரியண்ணன், எல்லாருக்கும் சமாதானம். மோட்டாருக்குக்கூட இப்படி வரிசையாக வந்ததில்லை. நான் குதித்திருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வலித்தது. ஒரு பழைய பாவாடை, இரண்டு சடை, ஒரு ஈர விரிப்பு, ஒரு ஜன்னல். அவற்றைப் பிரித்துக் கொடுத்ததும் நான் தீர்ந்துவிட்டேன்.

அந்தக் காரியத்தில் முதல் தடவையாக அம்மாவின் முறை வந்தது.

"என்னம்மா, உனக்கு?" என்றார் அப்பா.

அம்மா மேஜைத் துணியில் ஒரு மடிப்பை நீவினாள்.

"சமாதானம்," என்றாள்.

குரல் வழவழவென்று இருந்தது.

பானை கழுவுகிறவளுக்கு அந்தக் குரல் தெரியும். ஒரு மாதமாக ஆட்டுக்கு ஆள் பார்த்தேன், தலைக்கு ஆள் பார்த்தேன், கிணற்றடிக்கு ஆள் பார்த்தேன். கிண்ணம் கவிழ்க்க ஆள் பார்க்கவில்லை. அதை ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை. அம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்றும் அந்த மாதம் முழுதும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் சட்டம் இடம் கொடுக்காது. சொன்னது சொன்னதுதான்.

அப்பா தனக்கும் சமாதானம் என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அவருக்குப் பொய் வராது, எது வந்தாலும் மூக்கில் வரும். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு?"

வெளியே கோழிகள் மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. ஆனால் போக வேண்டும் என்ற ஆசை அப்படியேதான் இருந்தது. அம்மாவுக்காக அது ஒரு பிடி குறைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். குறையவில்லை.

"சமாதானம்," என்றேன்.

என் குரலும் வழவழவென்றுதான் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் காது உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் பார்வையை எடுத்துக்கொண்டோம்.

"ஆமென்," என்றான் ஆமென். அப்பா இன்னும் ஜெபத்தைத் தொடங்கவில்லை.

பதில் கடிதத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரே யோசனைதான். யாரிடம் சொல்வது? இரட்டையரிடம் சொன்னால் அம்மாவுக்கு முன்னால் அடுத்த தெருவுக்குத் தெரியும். சின்னண்ணனிடம் கொடுத்தால் கிண்ணத்துக்கு அடியில் ஒன்றும் மிஞ்சாது. வக்கீல் நேராக அம்மாவிடமே போய் விவாதம் பண்ணுவான், அம்மா ஜெயித்துவிடுவாள். பெரியண்ணன் நம்பிக்கையானவன்தான். அதுதான் பிரச்சினை. சாப்பிட்டேன் என்று அம்மா சொன்னால் நம்பிவிடுவான். வார்த்தையை அவ்வளவு அருமையாக வைத்திருக்கிறவனுக்கு, அதைப் பொய்க்குச் செலவழிப்பார்கள் என்று தோன்றாது.

கோழிக்கூண்டுப் பக்கம் போனேன். கடுகு ஒரு கோழியை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி பழகிப்போய்ச் சும்மா இருந்தது.

"கடுகு, அம்மா சாப்பிட்டேன்னு சொன்னா நீ நம்புவியா?"

கோழியை இறக்கிவிட்டாள்.

"பானையைப் பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

ஒரு மாதம் இவளைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. சமையலறைக்குக் கூட்டிப் போய், எந்தக் கிண்ணம், எங்கே வைப்பது, எவ்வளவு எடுப்பது எல்லாம் காட்டினேன். அடுப்பு எட்டவில்லை, ஒரு முக்காலி போட்டோம். நான் கிளம்புவதற்குள் பழகிக்கொள்ள மூன்று வாரம் இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரி என்றுகூடச் சொல்லாமல் கோழிக்குத் திரும்பிப் போனாள்.

அன்று மாலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும், நான் வைத்த உருளைக்கிழங்கு சூப்பும். நான் கிண்ணத்தைத் தொடவில்லை. கடுகும் தொடவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா ஜெபித்தார், ஆமென் முடித்துவைத்தான், எல்லாருக்கும் ஊற்றினேன், பானை காலியானது. அம்மா அடுப்படியில் துணியை மடித்துக்கொண்டு நின்றாள். நீயும் உட்காரேன் என்றார் அப்பா.

"நான் அப்பவே சாப்பிட்டேன்," என்றாள் அம்மா.

கடுகு பெஞ்சிலிருந்து இறங்கினாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். இறங்கி, முக்காலியை இருந்த இடத்திலேயே வைத்து, திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குச் சமாதானம் இல்ல," என்றாள்.

வாய்க்குப் போன கரண்டிகள் நின்றன. வக்கீல், இது சுற்றே இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தான். பானைப் பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அப்பாவால் காரணம் கேட்க முடியாது. அவர் போட்ட சட்டம். அவர் பானையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தன் தட்டில் இருந்த இரண்டாவது ரொட்டியைப் பார்த்தார். இருபத்துமூன்று வருடத்து அப்பவேக்களை அவர் மனதில் வரிசையாகப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ரொட்டியை மேஜையில் வைத்தார்.

"ஆறிடும், சாப்பிடுங்க," என்றாள் அம்மா. யாரும் சாப்பிடவில்லை. சட்டப்படி காரியம் நின்றுவிட்டது.

பெரியண்ணன் எழுந்து காலித் தட்டு ஒன்றை எடுத்து, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து வைத்து, பக்கத்தில் தள்ளினான். தட்டு மேஜையைச் சுற்றி வந்தது. சூப்பைக் கரண்டி கரண்டியாக ஒரு கிண்ணத்தில் சேர்த்தார்கள். ஆமென் கடித்த துண்டைத்தான் வைத்தான், ஆனால் பெரிய துண்டு. அப்பா தன் நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணினார். அம்மா உட்கார்ந்தாள். எங்கள் எல்லாருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கடுகு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் போனது, விழுங்கியது தெரிந்தது.

"இப்பச் சமாதானமா?" என்று அப்பா கேட்டார்.

"இன்னும் ரெண்டு வாய்," என்றாள் கடுகு.

அம்மா இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உப்பு கம்மி," என்றாள். குரல் கரகரப்பாக இருந்தது.